கோப்புறைக் கண்காணிப்புச் சிறுநிரல்

கணினியில் குறிப்பிட்ட ஒரு கோப்புறையில் புதிய கோப்பு வந்து சேர்வதை அறிந்து, அதனை வேறோர் இடத்துக்குத் தானாகவே படியெடுக்கும் சிறிய கட்டளைத் தொகுப்பு கோப்புறைக் கண்காணிப்புச் சிறுநிரல் எனப்படும். ஸ்கேனரிலிருந்து வரும் ஆவணங்களைக் காப்பகத்தில் சேர்க்கவும், வெளியிலிருந்து வந்து இறங்கும் தரவுகளைச் செயலாக்கும் கணினிக்கு அனுப்பவும் இது பயன்படுகிறது.

இதை எழுதும் பழைய வழி வினவல் முறையாகும். குறித்த இடைவெளிகளில் கோப்புறையின் பட்டியலை எடுத்து முந்தைய பட்டியலோடு ஒப்பிடும் இம்முறை எந்த இயங்குதளத்திலும் செயல்படும் என்றாலும், இடைவெளியைக் குறைத்தால் வட்டுக்கு வீண் உழைப்பும் கூட்டினால் தாமதமும் நேர்கின்றன. மற்றொன்று அறிவிப்பு முறை. இதில் வன்பொருளுக்கும் பயன்பாட்டு நிரல்களுக்கும் இடையே நிற்கும் இயங்குதள மையமாகிய கருநிரலே மாற்றத்தை உடனுக்குடன் தெரிவிக்கிறது. லினக்ஸில் முதலில் வந்த டிநோட்டிஃபை என்னும் வசதி, கண்காணிக்கப்படும் ஒவ்வொரு கோப்புறையையும் திறந்தே வைத்திருக்குமாறு கோரியதால், செருகிய வட்டைக் கண்காணிப்பு முடியும்வரை கழற்ற இயலாத நிலை ஏற்பட்டது. ஜான் மெக்கச்சன், ராபர்ட் லவ் ஆகியோர் உருவாக்கிய ஐநோட்டிஃபை 2005ஆம் ஆண்டு லினக்ஸ் கருநிரலின் 2.6.13 பதிப்பில் சேர்ந்து இக்குறையை நீக்கியது. விண்டோஸும் மேக்கும் இத்தகைய வசதிகளைத் தமக்கெனக் கொண்டுள்ளன.

படியெடுப்பது ஒரே கட்டளையில் முடிந்துவிடும். கோப்பு முழுமையாக வந்துவிட்டதா என்று அறிவதே இந்நிரலின் உண்மையான சிக்கல். கோப்பு உருவானது என்னும் அறிவிப்பு, அதன் பெயர் பட்டியலில் தோன்றிய கணத்திலேயே வந்துவிடுகிறது. அப்போது உள்ளடக்கம் ஒரு பைட்டுகூட எழுதப்படாமல் இருக்கலாம். இந்த அறிவிப்பை நம்பிப் படியெடுக்கும் நிரல், சிறு கோப்புகளை வைத்துச் சோதிக்கும்போது பிழையின்றி ஓடி, பெரிய காணொளிக் கோப்பு வரும் நாளில் பாதிக் கோப்பைப் படியெடுத்து வைக்கும். ஆகவே ஐநோட்டிஃபையில், எழுதுவதற்காகத் திறக்கப்பட்ட கோப்பு மூடப்பட்டது என்னும் அறிவிப்பையே கொள்ள வேண்டும். ஆர்சிங்க் போன்ற கோப்பு ஒத்திசைவுக் கருவிகள் தற்காலிகப் பெயரில் எழுதி முடித்துப் பின்னரே உரிய பெயரை இடுவதால், பெயர் மாற்றத்தால் வந்து சேர்ந்த கோப்பு பற்றிய அறிவிப்பையும் கவனிப்பது இன்றியமையாதது. எழுதி மூடப்பட்டதாக அறிவிக்கப்படும் கோப்புகளில் தற்காலிகப் பெயர் உடையவற்றை நிரல் ஒதுக்கிவிட வேண்டும். இத்தகைய அறிவிப்பு கிடைக்காத இடங்களில், கோப்பின் அளவு சில நொடிகளுக்கு மாறாதிருந்தால் முடிந்ததாகக் கொள்வது வழக்கம். வலையமைப்பு தடைபட்டு நின்றாலும் அளவு மாறாது என்பதால் இது ஊகமே.

சேரும் இடத்திலும் இதே கவனம் தேவை. அங்கு வேறொரு நிரல் காத்திருக்கக்கூடும் என்பதால், தற்காலிகப் பெயரில் படியெடுத்து, முடிந்தபின் பெயர் மாற்றுவது நன்று. ஒரே கோப்பு முறைமைக்குள் நிகழும் பெயர் மாற்றம் இடைநிலை ஏதுமின்றி ஒரே செயலாக முடிவதே இதன் காரணம்.

அறிவிப்புகள் தவறுவதும் உண்டு. ஐநோட்டிஃபையின் வரிசையில் இயல்பாக 16,384 நிகழ்வுகளே நிற்கும். அது நிரம்பினால் எஞ்சியவை கைவிடப்பட்டு, வரிசை வழிந்தது என்ற செய்தி மட்டும் வரும். உட்கோப்புறைகள் தாமாகக் கண்காணிக்கப்படுவதில்லை. என்எஃப்எஸ் என்னும் வலையமைப்புக் கோப்பு முறைமை வழியே இணைந்த வட்டில் பிற கணினி செய்யும் மாற்றமும் தெரியவராது. நிரல் நின்றிருந்த வேளையில் வந்தவற்றுக்கோ அறிவிப்பே கிடையாது. எனவே தொடக்கத்திலும், வரிசை வழிந்தபோதும், முழுப் பட்டியலையும் ஒருமுறை பார்த்து விடுபட்டவற்றைப் படியெடுக்க வேண்டும். தொடங்கும்போது முதலில் கண்காணிப்பைப் பதிவு செய்து, அதன் பின்னரே பட்டியலை எடுப்பது முறை. இந்த ஒழுங்கு மாறினால் இரண்டுக்கும் இடைப்பட்ட கணத்தில் வந்த கோப்பு பட்டியலிலும் இராது, அறிவிப்பிலும் இராது. கண்காணிப்பை முதலில் பதிவு செய்யும்போது ஒரு கோப்பு இருமுறை தென்படக்கூடும். அளவையும் திருத்திய நேரத்தையும் ஒப்பிட்டு, முன்பே படியெடுத்ததை நிரல் தவிர்த்துவிடலாம்.