படமா, பயாஸ்கோப்பா, புத்தகமா?

நம் அங்கத்தினர்கள் பல நகரங்களில் வசிப்பவர்கள். ஒரே பொருளுக்கு ஊருக்கு ஒரு பெயர் வழங்குவது அவர்களுக்குப் புதிதல்ல. சினிமாவுக்கு வழங்கும் பெயர்களைச் சற்று கவனித்தால், மக்கள் அதை எப்படிப் பார்த்தார்கள் என்ற சரித்திரம் விளங்கும்.

நம் நாட்டில் முதல் காட்சி 1896 ஜூலை 7 அன்று பம்பாய் வாட்ஸன் ஹோட்டலில் நடந்தது. கட்டணம் ஒரு ரூபாய். அன்று அது பெரிய தொகை. சாமானியரிடம் சினிமா சென்றது ஊர் ஊராகத் திரிந்த கருவிகளால்தான். வங்காளத்தில் ஹீராலால் சென்னின் ராயல் பயாஸ்கோப் கம்பெனி படம் காட்டியது. 1905-ல் திருச்சி ரயில்வே ஊழியர் சாமிக்கண்ணு வின்சென்ட், ஒரு பிரெஞ்சுக்காரரிடம் கருவி வாங்கிக் கூடாரமடித்துக் காட்டினார். 'பயாஸ்கோப்' என்ற சொல் பரவியது இவ்விதமே. நாடகம் நடந்த 'கொட்டகை'யும், அதன் 'ஆட்டமும்' சினிமாவுக்கும் வந்து சேர்ந்தன. 'இரண்டாவது ஆட்டம்' என்பது அப்படி வந்ததே.

1931 மார்ச் 14 அன்று பம்பாயில் 'ஆலம் ஆரா' பேசியது. அதே ஆண்டு அக்டோபரில் 'காளிதாஸ்' வந்தது. பேச்சு புதுமையாக இருந்ததால் கொட்டகைக்கே 'டாக்கீஸ்' என்று பெயர். ஹிந்திக்காரர் 'பிக்சர்' என்பர். ஆந்திரத்தில் 'பொம்ம', அதாவது சித்திரம். வங்காளிகள் மட்டும் 'போய்', அதாவது புத்தகம் என்பர். சரத் சந்திரரின் 'தேவதாஸ்' போன்ற நாவல்கள் படமானதே காரணம் என்று சொல்வதுண்டு. படித்த கதையைத் திரையில் பார்க்கப் போனவர்கள் அவர்கள்.

இன்னொரு சொல் 'ஓடுகிறது'. பேசும்படத்தில் பிலிம் சுருள் வினாடிக்கு 24 பிம்பங்கள் வீதம், நிமிடத்திற்கு 90 அடி உண்மையாகவே ஓடியது. இன்று பெரும்பாலான தியேட்டர்களில் சுருளே இல்லை. ஆனாலும் படம் நூறு நாள் 'ஓடுகிறது'. ஹிந்தியிலும் 'சல் ரஹீ ஹை' என்றே சொல்கிறார்கள்.

இப்போது வீட்டில் ஆளுக்கொரு கைபேசியில் தனித்தனியே பார்க்கிறோம். ஊரே கூடிப் பார்த்த நாளின் சொற்கள் பெரியவர்களிடமே மிஞ்சியுள்ளன. உங்கள் நகரத்தில் வழங்கியவற்றை அவர்களிடம் இன்றே கேட்டு எழுதி வையுங்கள்.