எண்ணறிவும் இன உறவும்

போடிநாயக்கனூரில் பொழுது புலருமுன் புறப்பட்டு, போடிமெட்டு ஏறி, ஏலத்தோட்டத்தில் காயெடுக்கும் தாய்மார் நாள்தோறும் மாநில எல்லையைக் கடக்கின்றனர். 1956இல் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோதும் மலை அங்கும், ஊர் இங்குமாகவே நின்றன. எண்களைப் பிரிக்க முடிந்ததா?

தமிழில் மூன்று, மலையாளத்தில் மூன்னு, கன்னடத்தில் மூரு, தெலுங்கில் மூடு. நமது நான்கு, அவர்தம் நாவில் நாலு, நால்கு, நாலுகு. ஒரு தாய் வயிற்று மக்களின் முகச்சாயலன்றோ இது! 1856இல் வெளிவந்த கால்டுவெல்லின் ஒப்பிலக்கணம் இவ்வெண்ணுப்பெயர்களையும் ஆராய்ந்தே திராவிட மொழிகளின் உறவை நிறுவிற்று.

பண்டைத் திண்ணைப் பள்ளியில் சிறுவர் மணலில் விரலால் எழுதினர்; எண்சுவடியை உரக்கக் கூறி மனத்திருத்தினர். மா என்றால் 1/20, காணி 1/80, முந்திரி 1/320. இத்துணை நுண்கணக்கு பத்து வயதுப் பாலகன் நாவில் நடமாடிற்று. பெருமைதான். ஆனால், அத்திண்ணையில் யார் அமர்ந்தார்? தாழ்த்தப்பட்டோன் பிள்ளைக்கு அங்கே இடமில்லை. பெண்மகவுக்குப் பெரும்பாலும் இல்லை. கணக்கறிந்தவன் கணக்குப்பிள்ளையானான், அறியாதவன் கைநாட்டானான். எடையிலும் கூலியிலும் ஏய்க்கப்பட்டவன், ஏய்ப்பைத் தலைவிதி என்றான். விதியன்று தோழர்களே, மறுக்கப்பட்ட கல்வி!

ஆகவே, மலையடிவாரக் குழந்தைக்கு எண்ணைத் தாய்மொழியில் முதலில் கற்பிப்போம். விரல்விட்டு எண்ணட்டும், ஏலக்காயை அடுக்கி எண்ணட்டும். பொருள் விளங்கியபின், பக்கத்துப் பிள்ளையின் மொழியிலும் எண்ணச் செய்வோம். தன் கூலியைத் தானே கணக்கிடும் அறிவும், அண்டை மொழியாளன் அயலானல்லன் எனும் தெளிவும் ஒருங்கே வளரும்!