அணியத்து மோட்டாரும் எதிரொலிப் பெட்டியும்: நன்னீர் மீன்பிடிப் படகின் இரு கருவிகளின் வரலாறு

ஏரியிலும் அணைத் தேக்கத்திலும் தூண்டில் போடும் சிறு படகுகளில், குறிப்பாக அமெரிக்காவில், இரண்டு கருவிகள் இன்று தவறாமல் இருக்கும். ஒன்று, படகின் முன்முனையான அணியத்தில் பொருத்தப்படும் சிறிய மின்மோட்டார். இது ட்ரோலிங் மோட்டார் எனப்படுகிறது. மற்றொன்று, நீருக்கடியில் இருப்பதை எதிரொலியால் அறிந்து திரையில் காட்டும் ஃபிஷ் ஃபைண்டர். இவற்றை வாங்கச் செல்பவரிடம் எத்தனை வோல்ட், எத்தனை பவுண்டு, கையால் இயக்குவதா காலால் இயக்குவதா, எந்த அதிர்வெண் என்ற கேள்விகள் வரிசையாக வைக்கப்படும். இவை விற்பனையாளர்கள் உண்டாக்கிய கேள்விகள் அல்ல. ஒவ்வொன்றும் ஏதோ ஒரு காலத்தில் மீன்பிடிப்பவர் சந்தித்த இடைஞ்சலிலிருந்து பிறந்தது.

பெயரில் ஒரு குழப்பத்தை முதலில் விலக்கிவிட வேண்டும். தமிழகக் கடற்கரையில் டிராலர் என்றால் மடிவலையை இழுத்துச் செல்லும் விசைப்படகு. ட்ரோலிங் அதுவன்று. மெதுவாக நகரும் படகின் பின்னால் தூண்டிலை இழுத்துச் செல்லும் முறைக்கே அப்பெயர்.

ஃபார்கோவில் தொடக்கம்

படகை மின்சாரத்தால் ஓட்டும் எண்ணம் பழையது. 1881-இல் பாரிசில் குஸ்தாவ் த்ரூவே, கழற்றி மாட்டக்கூடிய மின்மோட்டாரைச் சேன் ஆற்றில் ஓட்டிக் காட்டினார். ஆனால் அன்றைய மின்கலங்கள் அதைத் தாங்கவில்லை. 1909-இல் ஓலே எவின்ரூட் பெட்ரோலில் ஓடும் வெளிப்பொருத்து எஞ்சினை விற்பனைக்குக் கொண்டுவந்த பிறகு, சிறு படகு என்றாலே பெட்ரோல் எஞ்சின் என்றாயிற்று.

அந்த எஞ்சினில் மீன்பிடிப்பவருக்கு இரண்டு தொல்லைகள் இருந்தன. மிக மெதுவாக ஓட்டினால் அது திணறி நின்றுவிடும். அதன் இரைச்சலும் அதிர்வும் நீரில் வெகுதூரம் பரவும். மீனின் உடலின் இருபுறமும் ஓடும் பக்கக்கோடு நீரின் சிறு அசைவையும் உணரும் உறுப்பு. எனவே மீன் இருக்கும் இடம் நெருங்கியதும் எஞ்சினை நிறுத்திவிட்டுத் துடுப்பை எடுக்க வேண்டியிருந்தது.

1934-இல் வடக்கு டகோட்டா மாநிலத்தின் ஃபார்கோ நகரில் ஓ. ஜி. ஷ்மிட் என்பவர் ஃபோர்டு மாடல் ஏ காரின் ஸ்டார்ட்டர் மோட்டாரைக் கழற்றி, அதனுடன் ஒரு வளையும் தண்டையும் சுழல்விசிறியையும் இணைத்தார். ஃபார்கோ, மினசோட்டா மாநில எல்லையில் உள்ள நகரம். இரு மாநிலங்களின் பெயர்களையும் சேர்த்து மின் கோட்டா என்று தம் நிறுவனத்துக்குப் பெயரிட்டார். இன்றும் இத்துறையில் அதிகம் கேட்கப்படும் பெயர் அது.

மோட்டார் காரிலிருந்து வந்தாலும், கார் பேட்டரி இதற்கு ஏற்றதன்று. காரைக் கிளப்பும் பேட்டரி சில நொடிகள் மட்டும் மிகுந்த மின்னோட்டத்தைத் தருவதற்காகச் செய்யப்பட்டது. படகு மோட்டாரோ மணிக்கணக்கில் மின்சாரம் கேட்கும். 55 பவுண்டு உந்துவிசை கொண்ட 12 வோல்ட் மோட்டார் முழு வேகத்தில் ஏறத்தாழ 50 ஆம்பியர் இழுக்கும். 100 ஆம்பியர்-மணி பேட்டரி கணக்கின்படி இரண்டு மணி நேரம் வரும். ஈய-அமில பேட்டரியை முழுதும் வடியவிடக் கூடாது என்பதால் நடைமுறையில் அதற்கும் குறைவே. 24, 36 வோல்ட் மோட்டார்கள் வந்ததற்குக் காரணம் இதுதான். மின்னழுத்தம் இருமடங்கானால் அதே திறனுக்குப் பாதி மின்னோட்டம் போதும், கம்பியும் சூடாகாது. ஆனால் இரண்டு அல்லது மூன்று பேட்டரிகளின் எடையைப் படகு சுமக்க வேண்டும்.

பவுண்டு என்பது இங்கே குதிரைத்திறன் அல்ல, தள்ளும் விசை. படகு, ஆட்கள், சாமான்கள் எல்லாம் சேர்ந்த எடையில் ஒவ்வொரு 45 கிலோவுக்கும் 2 பவுண்டு வேண்டும் என்பது வழக்கத்திலுள்ள கணக்கு. 600 கிலோ எடையுள்ள படகுக்கு 27 பவுண்டு என்று வரும். இது காற்றில்லாத நாளின் கணக்கு. திறந்த ஏரியில் எதிர்காற்றில் நிற்க வேண்டுமானால் இருமடங்கு வாங்குவதே நல்லது.

மூழ்கிய காடுகள்

இந்த மோட்டாரைத் தேவையாக்கியது அணைகள் என்று சொல்வது மிகையாகாது. 1933-இல் டென்னசி பள்ளத்தாக்கு ஆணையம் தொடங்கப்பட்டது. அடுத்த முப்பது நாற்பது ஆண்டுகளில் அமெரிக்கத் தென்மாநிலங்களின் ஆறுகள் பல, அணைத் தேக்கங்களின் தொடர்களாக மாறின. பல இடங்களில் மரங்களை முழுதும் வெட்டாமலே நீரைத் தேக்கினார்கள். காடு, வேலி, சாலை, பழைய ஓடை எல்லாம் அடியில் போயின. 1960-களில் டெக்சாஸ், லூசியானா எல்லையில் உருவான டொலீடோ பெண்ட் தேக்கம் இவ்வகையில் பெயர்பெற்றது. பெருவாய் பாஸ் மீன் துரத்திப் பிடிப்பதைவிட மறைவிலிருந்து பாய்ந்து இரையைப் பிடிக்கும் இனம். அதற்கு இந்த மூழ்கிய மரங்கள் வீடாயின.

மரங்களுக்கிடையே படகை அங்குலம் அங்குலமாகத் திருப்ப வேண்டும், அதே நேரத்தில் இரு கைகளும் தூண்டிலில் இருக்க வேண்டும். 1950-களின் தொடக்கத்தில் மிசிசிப்பி மாநிலத்தில் உருவான காலால் இயக்கும் மோட்டார் இதற்கு விடையாயிற்று. மோட்டாரும் பின்புறத்திலிருந்து அணியத்துக்கு இடம்பெயர்ந்தது. படகைத் தள்ளுவதைவிட இழுப்பது திசை தவறாமல் செல்ல உதவும். கம்பிவடத்தால் திரும்பும் கால்மிதி உடனே பணியும், ஆனால் கால் அதிலேயே இருக்க வேண்டும். மின்சாரத்தால் திரும்புவது சற்றே தாமதிக்கும், ஆனால் தொலைவிலிருந்தும் இயக்கலாம். விறகுக் கட்டைகளுக்கிடையே நுழைபவர்கள் இன்றும் பழைய கம்பிவடத்தை விடாமலிருப்பதில் வியப்பில்லை.

எதிரொலியில் தெரிந்த மீன்

ஃபிஷ் ஃபைண்டரின் கதை கடலில் தொடங்குகிறது. 1912-இல் டைட்டானிக் மூழ்கிய பின், பனிப்பாறையை ஒலியால் கண்டறிய ஜெர்மானிய இயற்பியலாளர் அலெக்சாண்டர் பேம் முயன்றார். பனிப்பாறை சரியாக அகப்படவில்லை, கடலடி அகப்பட்டது. 1913-இல் அவர் எதிரொலி ஆழமானிக்குக் காப்புரிமை பெற்றார். 1935-இல் நார்வேயின் ஆஸ்கர் சுண்ட், லோஃபோட்டன் பகுதியில் காட் மீன் கூட்டத்தின் எதிரொலிப் பதிவை நேச்சர் இதழில் வெளியிட்டார். ஆழம் காட்ட வந்த கருவி மீனையும் காட்டியது.

மீனவர் கைக்கு அதைக் கொண்டுசேர்த்தவர்கள் ஜப்பானின் நாகசாகி மாகாணத்தைச் சேர்ந்த ஃபுருனோ சகோதரர்கள். படகுகளுக்கு மின்விளக்குப் பொருத்தும் தொழிலில் இருந்த அவர்கள், மீன் கூட்டம் உள்ள இடத்தில் குமிழிகள் எழும் என்று மீனவர்கள் சொல்லக் கேட்டு, போரில் எஞ்சிய ஆழமானியைத் திருத்தியமைத்து 1948-இல் மீன் காட்டும் கருவியை விற்பனைக்குக் கொண்டுவந்தனர். குமிழி என்ற குறிப்பு வீண்போகவில்லை. மீனின் உடலில் ஒலியைப் பெரிதும் திருப்புவது அதன் காற்றுப்பையே. காற்றுப்பை இல்லாத அட்லாண்டிக் கானாங்கெளுத்தி எதிரொலியில் மங்கலாகத்தான் தெரியும்.

நன்னீருக்கு அது 1950-களின் இறுதியில் வந்தது. மிசௌரி மாநிலத்தின் ஜோப்லின் நகரில் 1957-இல் தொடங்கப்பட்ட லோரன்ஸ் நிறுவனம், டிரான்சிஸ்டர்களால் ஆன, கையில் தூக்கிச் செல்லக்கூடிய சோனாரைச் செய்தது. அதன் உறையின் நிறத்தால் சின்னப் பச்சைப் பெட்டி என்றே அது பெயர்பெற்றது. அதில் திரை கிடையாது. வட்டத் தகட்டின் மீது சுழலும் சிறு விளக்கு, எதிரொலி வந்த ஆழத்தில் மின்னும். அந்த மின்னலைப் பார்த்து இது அடிமண், இது மரக்கிளை, இது மீன் என்று பிரித்தறிய ஒரு பருவம் முழுவதும் பழக வேண்டியிருந்தது. 1980-களில் திரவப் படிகத் திரை வந்ததும் அந்தப் பழக்கம் தேவையற்றுப் போனது.

அதிர்வெண் பற்றிய கேள்விக்கு விடை ஒலியின் இயல்பிலேயே இருக்கிறது. 200 கிலோஹெர்ட்ஸ் நுணுக்கமாகக் காட்டும், ஆனால் ஆழத்தில் விரைவில் தேய்ந்துவிடும். 50 கிலோஹெர்ட்ஸ் ஆழத்துக்குச் செல்லும், ஆனால் விவரம் குறையும். ஏரிக்கு முன்னது, ஆழ்கடலுக்குப் பின்னது. ஒலி கூம்பாக விரிகிறது என்பதையும் மறக்கக் கூடாது. 20 பாகைக் கூம்பு, ஆழத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அகலத்தையே பார்க்கும். 6 மீட்டர் ஆழத்தில் அது 2 மீட்டர் வட்டம்.

போட்டிகளும் கட்டுப்பாடும்

1967-இல் ஆர்க்கன்சா மாநிலத்தின் பீவர் ஏரியில் ரே ஸ்காட் 106 பேரைக் கூட்டிப் பாஸ் மீன் போட்டி நடத்தினார். அடுத்த ஆண்டு பாஸ் என்ற அவருடைய சங்கம் உருவாயிற்று. கருவிகளின் பலன் மீனுக்குக் கேடாகும் என்ற கவலையும் கூடவே வந்தது. பிடித்த மீனை உயிருடன் விடும் இயக்கத்தை அச்சங்கம் 1972-இல் தொடங்கியது.

2005-இல் ஹம்மின்பேர்ட் நிறுவனம் படகின் இருபக்கங்களையும் படம் போலக் காட்டும் சோனாரைக் கொண்டுவந்தது. 2010-இல் மின் கோட்டா, செயற்கைக்கோள் வழிகாட்டலால் நங்கூரமின்றி ஒரே இடத்தில் நிற்கும் மோட்டாரைத் தந்தது. இவ்விரு நிறுவனங்களும் இப்போது ஜான்சன் அவுட்டோர்ஸ் என்ற ஒரே உரிமையாளரிடம் உள்ளன. எனவே மோட்டாரும் திரையும் ஒன்றோடொன்று பேச வேண்டுமானால் எவை ஒத்துப்போகும் என்று வாங்குமுன் பார்க்க வேண்டியிருக்கிறது.

பெரிய பூசல் 2018-இல் கார்மின் நிறுவனம் வெளியிட்ட நேரலைச் சோனாரால் எழுந்தது. முன்னால் நிற்கும் மீன் தூண்டிலைப் பார்த்துத் திரும்புவதையும், விலகுவதையும் அப்போதைக்கப்போதே அது காட்டியது. இது திறமையா, காட்சி விளையாட்டா என்ற வாக்குவாதம் இன்னும் ஓயவில்லை. திரையைப் பார்த்து வளர்ந்தவர்கள் இதையும் ஒரு திறமை என்கிறார்கள். ஈயக்குண்டை இறக்கி அடிமண்ணைத் தொட்டறிந்தவர்கள் ஒப்பவில்லை. 2025 முதல் பாஸ் சங்கத்தின் முதன்மைத் தொடரில் படகுக்கு ஒரே ஒரு நேரலை உணரி என்று வரம்பு வைக்கப்பட்டது.

கரையோரத்தில் ஒன்றரை மீட்டர் ஆழத்தில் தூண்டில் போடுபவரை இந்தப் பூசல் தொடுவதே இல்லை. அங்கே 20 பாகைக் கூம்பின் அகலம் அரை மீட்டர்தான். அவருக்கு 12 வோல்ட் மோட்டார் ஒன்று போதும். மிஞ்சும் பணத்தில் நல்ல பேட்டரியாக வாங்கலாம்.