கொப்பியில் காப்பாற்றப்பட்ட கலைச்செல்வங்கள்



தொழிலால் நான் ஒரு கணக்காளன். ஒரு கடையில் களவு போனால் நாங்கள் முதலில் கேட்பது "இருப்புப் பதிவேடு எங்கே?" என்பதுதான். என்ன இருந்தது என்று தெரியாவிட்டால் என்ன போனது என்று சொல்ல முடியாது. ஒரு தேசத்தின் கலைச்செல்வங்கள் களவு போனபோது அந்தப் பதிவேட்டை இரகசியமாக எழுதிய ஒரு பெண்ணைப் பற்றியதே இம்மாதப் பேச்சு.

1940 ஜூனில் ஜேர்மன் படைகள் பாரிஸ் நகருக்குள் நுழைந்தன. யூதக் குடும்பங்களின் வீடுகளிலிருந்து ஓவியங்களும் சிற்பங்களும் பறிக்கப்பட்டு, ஜூ து போம் என்ற அருங்காட்சியகத்தில் குவிக்கப்பட்டன. ஹிட்லருக்கு அடுத்த நிலையில் இருந்த கோரிங், தனக்குப் பிடித்தவற்றைத் தெரிவுசெய்ய அங்கே சுமார் இருபது தடவை வந்துபோனார்.

அங்கே கடமையாற்றியவர் ரோஸ் வலான். ஒரு கொல்லரின் மகள். பல ஆண்டுகள் அந்த அருங்காட்சியகத்தில் சம்பளமில்லாத் தொண்டராகவே வேலை செய்தவர். தொண்டர்களால் நடக்கும் நமது வானொலியின் நேயர்களுக்கு இதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். அவருக்கு ஜேர்மன் மொழி விளங்கும் என்பது நாஜிகளுக்குத் தெரியாது. எந்த ஓவியம், யாருடையது, எங்கே போகிறது என்று நான்கு ஆண்டுகள் குறித்து வைத்தார். பிடிபட்டிருந்தால் உயிர் தப்பியிருக்க முடியாது.

1944 ஓகஸ்டில் 148 பெட்டி ஓவியங்களுடன் ஒரு ரயில் ஜேர்மனிக்குப் புறப்பட ஆயத்தமானது. வலான் தகவல் கொடுத்தார். ரயில்வே ஊழியர்கள் தாமதப்படுத்தினார்கள். பாரிஸ் விடுதலையானதும் பிரெஞ்சுப் படையினர் ரயிலைக் கைப்பற்றினர். அவர்களில் ஒருவர் அலெக்சாந்தர் ரோசன்பேர்க், ஓவிய வியாபாரி ஒருவரின் மகன். பெட்டிகளுக்குள் தன் தந்தையின் ஓவியங்களையே அவர் கண்டார்.

பின்னர் வலான், நீண்ட தயக்கத்துக்குப் பிறகு, ஜேம்ஸ் ரொரிமர் என்ற அமெரிக்க அதிகாரியை நம்பித் தன் குறிப்புகளை ஒப்படைத்தார். 1945 மே மாதம் அவர் பவேரியாவின் நொய்ஷ்வான்ஸ்டைன் கோட்டையை அடைந்தபோது, கொள்ளையிட்ட பொருட்களோடு நாஜிகளின் பதிவேடுகளும் அங்கே இருந்தன. பிரான்சில் 203 சேகரிப்புகளிலிருந்து 21,903 பொருட்கள் எடுத்ததாக அவர்களே கணக்கு எழுதியிருந்தார்கள்!

திருப்பிக் கொடுப்பதற்கான அடித்தளம் முன்பே இடப்பட்டிருந்தது. 1943 ஜனவரி 5ஆம் திகதி 18 தரப்புகள் இலண்டனில் ஒரு கூட்டுப் பிரகடனம் செய்தன. எதிரியின் ஆக்கிரமிப்பில் நடந்த சொத்துக் கைமாற்றங்களை, அவை முறையான விற்பனை போலத் தோன்றினாலும், செல்லாதவை என்று அறிவிக்கும் உரிமை தமக்கு உண்டு என்றன. பயமுறுத்தி எழுதுவித்த பற்றுச்சீட்டு, பற்றுச்சீட்டே அல்ல. போர் முடிந்தபின் மியூனிக் முதலிய நகரங்களில் பொருட்கள் தரம்பிரிக்கப்பட்டு, அந்தந்த நாடுகளுக்கு அனுப்பப்பட்டன.

இனி ஐந்தொகையைப் பார்ப்போம். பிரான்சுக்குத் திரும்பியவை சுமார் 60,000. உரியவர்களிடம் சேர்ந்தவை சுமார் 45,000. மிகுதியில் சுமார் 2,000 அருங்காட்சியகங்களில் வைக்கப்பட்டன. மற்றவற்றை அரசே விற்றது. உரிமை கோரவேண்டிய பலர் வதைமுகாம்களில் கொல்லப்பட்டிருந்தார்கள். அந்தக் கணக்கு இன்னும் மூடப்படவில்லை. 1998இல் வாஷிங்டனில் 44 நாடுகள், இவற்றின் உரிமையாளரைத் தேடி நியாயமான தீர்வு காண உடன்பட்டன. ஆனால் அது சட்டக் கட்டாயம் அல்ல. பிரான்ஸ் இதை இலகுவாக்கத் தனிச்சட்டம் இயற்றியது 2023இல்தான்.

யாழ்ப்பாண நூலகம் 1981இல் எரிந்தது நமக்குத் தெரியும். எரிந்ததை எந்த உடன்படிக்கையும் திருப்பித் தராது. எஞ்சியதற்காவது ஒரு பட்டியல் வேண்டும். உங்கள் வீட்டிலுள்ள பழைய ஏடு, படம், உறுதிப் பத்திரம் என்று ஒவ்வொன்றையும், யாருடையது, எங்கிருந்து வந்தது என்று ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். இந்த வார இறுதியிலேயே தொடங்கலாம்.