செம்பியன் மாதேவியின் கலைப்புரவு: கற்றளியும் நினைவுக் காப்பும்

சோழர் கலை வரலாற்றை எழுதுவோர் தஞ்சைப் பெரியகோயிலை உச்சமாகக் கொண்டு, அதற்கு முந்தைய அரை நூற்றாண்டை முன்னுரைபோலக் கடந்துவிடுவதுண்டு. அந்த அரை நூற்றாண்டின் கோயிற்கலையில் ஆழமாகத் தடம் பதித்தவர் செம்பியன் மாதேவி. மழவர் குடியில் பிறந்து, கண்டராதித்த சோழரை மணந்து, உத்தம சோழனைப் பெற்றவர். ஏறத்தாழ 957இல் கணவரை இழந்தபின் சோழநாட்டுச் செங்கற்றளிகள் பலவற்றைக் கற்றளிகளாக மாற்றினார். இப்பணியைக் கைம்பெண்ணின் பக்தி என்பார் சிலர்; மகனின் அரியணை உரிமைக்கு வலுச்சேர்த்த அரசியல் என்பார் வேறு சிலர். இரண்டிலும் உண்மை உண்டு, இரண்டும் போதா. பழையதன் நினைவு அறுபடாமல் புதியதை எழுப்பியதே அவரது புரவலின் தனித்தன்மை என்பது இக்கட்டுரையின் துணிபு.

அரசியல் விளக்கத்தின் எல்லையைக் காலமே காட்டிவிடுகிறது. உத்தம சோழனின் ஆட்சி 985இல் முடிந்தது. ஆயினும் அடுத்து வந்த இராசராசன் காலத்தில், 1001ஆம் ஆண்டையொட்டியும் திருவக்கரையில் செம்பியன் மாதேவி கற்றளி எடுப்பித்தார். மகனுக்காக மட்டுமே தொடங்கிய பணியாயின் மகனோடு முடிந்திருக்கும்.

கோனேரிராசபுரமாகிய திருநல்லத்தில் கணவர் பெயரால் அவர் எடுப்பித்த கோயிலின் சுவரில், கண்டராதித்தர் இலிங்கத்தை வழிபடும் புடைப்புச் சிற்பம் உள்ளது. அதே கோயில் இன்னொருவரையும் கல்லில் நிறுத்தியிருக்கிறது: அரசியின் ஆணைப்படி கற்றளிப் பணியை முடித்த ஆலத்தூர்ச் சாத்தன் குணபத்தன். அவர் உருவமும் பெயரும் பெற்ற பட்டமும் அங்கே பொறிக்கப்பட்டுள்ளன. ஆணையிட்டவரோடு செய்து முடித்தவரையும் அறியவைத்த இச்செயல் வெறும் பக்தியில் அடங்காது.

பழையதன் நினைவைக் காத்ததற்குத் திருக்கோடிக்காவல் இன்னும் வலுவான சான்று. கோயிலைப் புதுப்பிக்கையில், பல்லவர் காலத்தன உட்பட, பழைய கற்களில் இருந்த சாசனங்களைப் படியெடுத்துப் புதிய சுவரில் வெட்டுவித்தனர். அவை பழங்கற்படிகள் என்ற குறிப்பையும் சேர்த்தனர். முன்னோர் விட்ட விளக்கு நிவந்தமும் நிலக்கொடையும் அதனால் பிழைத்தன. மறுபுறம், செம்பியன் மாதேவி எடுப்பித்த கோயில்கள் பலவற்றின் தென்புறக் கோட்டத்தில் ஆடல்வல்லான் இடம்பெறுகிறார். அவ்வடிவம் சோழர் அடையாளமாக உயர்ந்ததில் இவ்வரசிக்குள்ள பங்கை கலை வரலாற்றாளர் வித்யா தெஹேஜியா முதலியோர் வலியுறுத்தியுள்ளனர். பழைய சாசனத்துக்கும் புதிய சிற்ப மரபுக்கும் ஒரே சுவரில் இடம் கிடைத்தது.

வாஷிங்டன் ஃப்ரீயர் கலைக்கூடத்திலுள்ள பார்வதி செப்புத்திருமேனி செம்பியன் மாதேவியின் சாயலில் வார்க்கப்பட்டது என்பர்; அறிஞரிடையே இதில் கருத்தொற்றுமை இல்லை. முகம் எவருடையதாயினும் அவரை அறியக் கல்வெட்டுகளே உறுதியான வழி.

புதுப்பிக்கையில் பழைய பெயர்களைக் காக்கும் இத்தேவை சோழநாட்டோடு நிற்பதன்று. மலேசியாவின் பேராக் மாநிலத்தில் செமோர் வட்டாரத்துப் பழைய ரப்பர்த் தோட்டங்களில் பால்மரம் வெட்டியவர்கள் தங்கள் கூலியில் மிச்சம்பிடித்துக் கோயில் எழுப்பினர். அரசியின் கருவூலம் அவர்களுக்கு இல்லை. புரவலர்களும் அவர்களே, பணியாட்களும் அவர்களே. 1950களிலும் 60களிலும் பெருந்தோட்டங்களைச் சிறு கூறுகளாக்கி விற்ற தோட்டத் துண்டாடல் மலாயாத் தோட்டச் சமூகங்கள் பலவற்றைச் சிதறடித்தது. ஊர் கலைந்தபின் அந்த உழைப்புக்குச் சான்றாக எஞ்சுவது நன்கொடையாளர் பெயர்ப்பலகையும் பழைய கணக்கேடும்தான். திருப்பணியின்போது இவற்றைக் குப்பையோடு தள்ளிவிட்டால், அரசாங்க ஆவணங்களில் அதிகம் இடம்பெறாத ஒரு தலைமுறை முழுதாக மறைந்துவிடும். ஆகவே பழையதை இடிக்குமுன் ஒவ்வொரு பெயரையும் படியெடுத்துப் புதிய சுவரில் பதிப்பதைத் திருப்பணிக் குழுக்கள் கும்பாபிஷேகப் பணிகளுள் ஒன்றாகவே கொள்ள வேண்டும். பத்தாம் நூற்றாண்டில் ஓர் அரசி கடைப்பிடித்த ஒழுங்கு இது. இன்றைய குழுக்களுக்கு இதற்கு வேண்டியது ஒரு கல்தச்சரின் சில நாள் கூலி மட்டுமே.