கோரைப் பாய் முதல் ஆந்தை முக்காலி வரை: கொல்கத்தா வீடுகளுக்குள் புது வடிவில் வரும் வங்கக் கைவினைகள்

கொல்கத்தா: தரையில் விரித்துப் படுத்த பாய், சாப்பாட்டு மேசை விரிப்பாகவும் சன்னல் திரையாகவும் மாறியுள்ளது. கொலுப் பொம்மை போல் அலமாரியில் நின்ற மர ஆந்தை, முக்காலியாகவும் சுவர்க் கடிகாரமாகவும் உருமாறியுள்ளது. தானியம் அளக்கும் படிகளையும் விளக்குகளையும் வார்த்த உலோகக் கலை, கதவுக் கைப்பிடிகளை வார்க்கத் தொடங்கியுள்ளது. மேற்கு வங்கத்தின் கிராமியக் கைவினைகள் நவீன வடிவமைப்புடன் இணைந்து நகர வீடுகளுக்குள் இவ்வாறு நுழைகின்றன. இந்த மாற்றத்தின் பின்னணியையும், அது கைவினைஞர்கள் முன் வைக்கும் சவால்களையும் இக்கட்டுரை விளக்குகிறது.

நூறாண்டுப் பின்னணி

கைவினையையும் நவீன வடிவமைப்பையும் இணைக்கும் முயற்சி வங்கத்துக்குப் புதிதன்று. ஆங்கிலேயர் ஆட்சிக் காலத்தில் கொல்கத்தாவின் வசதி படைத்த வீடுகளில் விக்டோரியா பாணியிலான கனத்த மேசை நாற்காலிகளே நிறைந்திருந்தன. ஜோராசாங்கோவில் வசித்த ஓவியர் ககனேந்திரநாத் தாகூர், தமது வீட்டில் இருந்த அத்தகைய பொருட்களுக்கு மாற்றாக, இந்தியப் பாணியிலான இருக்கைகளையும் அறைகலன்களையும் தாமே வடிவமைத்தார்.

1922ஆம் ஆண்டு இவ்வரலாற்றில் முக்கியமானது. அவ்வாண்டு பிப்ரவரியில், சாந்திநிகேதன் அருகே ஸ்ரீநிகேதன் கிராம மறுசீரமைப்பு மையத்தை ரவீந்திரநாத் தாகூர் தொடங்கினார். வேளாண்மையுடன் நெசவு, தோல் வேலை, மரவேலை, மட்பாண்டம் ஆகியவையும் அங்கு வளர்க்கப்பட்டன. அதே ஆண்டு டிசம்பரில், ஜெர்மனியின் புகழ்பெற்ற பௌஹவுஸ் கலைப்பள்ளியைச் சேர்ந்த கலைஞர்களின் படைப்புகள் கொல்கத்தாவில் காட்சிப்படுத்தப்பட்டன. கலையையும் கைத்தொழிலையும் பிரித்துப் பார்க்கக் கூடாது என்ற கொள்கையுடன் 1919இல் தொடங்கப்பட்ட பள்ளி அது.

தாகூரின் மகன் ரதீந்திரநாத், அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் வேளாண்மை பயின்றவர். மரவேலையில் தேர்ந்த அவர், சாந்திநிகேதனின் உத்தராயண் வளாகத்தில் தமக்கெனப் பட்டறை வைத்திருந்தார். அங்குள்ள இல்லங்களுக்கான அறைகலன்களையும் வடிவமைத்தார். சாந்திநிகேதன் 2023 செப்டம்பரில் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்கள் பட்டியலில் இடம்பெற்றது.

மாதுர்: பட்டமடைப் பாயின் வங்க உறவு

தமிழகத்துக்குப் பட்டமடைப் பாய் எப்படியோ, வங்கத்துக்கு 'மாதுர்' அப்படி. இரண்டும் கோரை இனத் தாவரங்களிலிருந்து நெய்யப்படுபவை. மேற்கு மேதினிபூர் மாவட்டத்தின் சபங், பிங்லா பகுதிகளிலும் கிழக்கு மேதினிபூரின் சில பகுதிகளிலும் 'மாதுர்காட்டி' எனப்படும் இக்கோரை வயல்களில் பயிரிடப்படுகிறது. அறுவடை செய்த தண்டுகளைக் கீறி, உலர்த்தி, பருத்தி நூலைப் பாவாகக் கொண்டு மூங்கில் தறியில் நெய்கின்றனர். இத்தொழிலில் பெண்களின் பங்கு பெரியது.

மாதுரில் ஒற்றைப் பாய், இரட்டைப் பாய், 'மஸ்லந்த்' என மூன்று முக்கிய வகைகள் உள்ளன. அரியணை அல்லது உயர்ந்த இருக்கையைக் குறிக்கும் 'மஸ்னத்' என்ற பாரசீகச் சொல்லிலிருந்து வந்தது மஸ்லந்த் என்ற பெயர். மிக மெல்லிய கீற்றுகளையும் சாயமேற்றிய கீற்றுகளையும் கொண்டு, பாயிலேயே பூவேலைப்பாடு அமையும்படி இது நெய்யப்படுகிறது. ஒரு பாயை முடிக்க வாரக்கணக்கில் உழைக்க வேண்டும்.

மலிவு விலை பிளாஸ்டிக் பாய்களின் வருகையும், கட்டிலும் மெத்தையும் பரவலானதும் பாயின் தேவையைக் குறைத்தன. இந்நிலையில்தான் மேசை விரிப்பு, சன்னல் திரை, கைப்பை, கோப்புறை போன்ற பொருட்களாக மாதுர் மாறத் தொடங்கியது. ஆயினும், தறியின் அகலமே பாயின் அகலம் என்பதால் நகரத்துச் சன்னலின் அளவுக்கு ஏற்பத் தறியை மாற்ற வேண்டியுள்ளது. மடித்தால் கோரை முறியக்கூடும் என்பதால் விளிம்புக்குத் துணிக்கரை கட்டுவது அவசியமாகிறது.

எடை தாங்க வேண்டிய ஆந்தை

கிழக்கு வர்த்தமான் மாவட்டத்தின் அக்ரதீப் அருகே உள்ள நதுன்கிராம், மரப் பொம்மைகளுக்குப் பெயர் பெற்ற சிற்றூர். ராஜா-ராணி, கௌர்-நிதாய் உருவங்களுடன் ஆந்தையும் அங்கு செதுக்கப்படுகிறது. தமிழ்நாட்டில் ஆந்தையின் அலறலை அபசகுனமாகக் கருதுவோர் உண்டு. வங்கத்திலோ அது லட்சுமியின் வாகனம். செல்வத்தின் அடையாளமாக வீட்டில் வைக்கப்படுவது. குமிழ மரம் போன்ற இலகுவான மரத்தில் ஆண்கள் உருவத்தைச் செதுக்க, பெண்கள் சிவப்பு, மஞ்சள், பச்சை, கறுப்பு நிறங்களைத் தீட்டுவது வழக்கம்.

அந்த ஆந்தை இப்போது முக்காலி, நாற்காலி, மேசை, கடிகாரம் ஆகியவற்றிலும் இடம்பெறுகிறது. ஆனால், பொம்மைக்கு எடை தாங்கும் கடமை இல்லை, முக்காலிக்கு உண்டு. முறையாக உலராத மரம் வெடிக்கும். பொருத்துகள் தளர்ந்தால் இருக்கை ஆடும். எனவே, பொம்மை செதுக்கிய கைகள் மரம் உலர்த்துதலையும் பொருத்து வேலையையும் கற்றுக்கொள்ள வேண்டியுள்ளது.

ஒன்றைப் போல் மற்றொன்று இல்லாத டோக்ரா

பாங்குரா மாவட்டத்தின் பிக்னா, வர்த்தமான் பகுதியின் தரியாபூர் ஆகிய ஊர்கள் டோக்ரா உலோக வார்ப்புக்குப் பெயர் பெற்றவை. களிமண் உருவத்தின் மீது மெழுகு இழைகளைச் சுற்றி வடிவமைத்து, அதன் மேல் மீண்டும் களிமண் பூசிச் சூளையில் இடுவர். மெழுகு உருகி வெளியேறிய இடத்தை உருக்கிய பித்தளை நிரப்பும். சுவாமிமலை ஐம்பொன் சிலைகளும் மெழுகு வார்ப்பு முறையில் உருவாகுபவையே. ஆனால், அவை பொதுவாகக் கெட்டியாக வார்க்கப்படுபவை. டோக்ராவின் உட்புறத்தில் களிமண் கரு இருக்கும்.

வார்ப்பு முடிந்ததும் அச்சை உடைத்தே பொருளை எடுக்க முடியும். ஆகவே, ஒரே அச்சில் இரண்டாவது பொருள் வார்க்க இயலாது. ஓர் அலமாரிக்குப் பன்னிரண்டு கைப்பிடிகள் கேட்கும் வாடிக்கையாளருக்கு, பன்னிரண்டும் சற்றே வேறுபட்டவையாகத்தான் கிடைக்கும். அந்த வேறுபாட்டைக் குறையாகக் கருதாமல் அழகாகக் காட்டுவதும், திருகாணி பொருந்தும் பகுதியை மட்டும் ஒரே அளவில் அமைப்பதும் வடிவமைப்பாளரின் பணியாகும்.

புவிசார் குறியீடு: பலனும் வரம்பும்

மேற்கு வங்க அரசு, யுனெஸ்கோவுடன் இணைந்து 2013இல் கிராமியக் கைவினை மையங்கள் திட்டத்தைத் தொடங்கியது. கொல்கத்தாவைச் சேர்ந்த பங்களாநாடக் டாட் காம் என்ற சமூக நிறுவனம் அதைச் செயல்படுத்துவதில் பங்கேற்றது. மாநில அரசின் 'பிஸ்வ பங்களா' விற்பனை நிலையங்கள், விமான நிலையம் உள்ளிட்ட இடங்களில் இப்பொருட்களை நகர வாடிக்கையாளர்களிடம் கொண்டு சேர்க்கின்றன.

மாதுர்காட்டிக்கும் வங்க டோக்ராவுக்கும் 2018இல் புவிசார் குறியீடு வழங்கப்பட்டது. இதற்கான பதிவகம் சென்னையில் இயங்குகிறது. 1999ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ், இப்பதிவை 10 ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும்.

எனினும், இக்குறியீடு பெயரைக் காக்குமே தவிர விலையை நிர்ணயிக்காது. கோரையின் தோற்றத்தை அச்சிட்ட பிளாஸ்டிக் விரிப்பு, மாதுர் என்ற பெயரைச் சூட்டிக்கொள்ளாத வரை இந்தச் சட்டத்தின் வரம்புக்குள் வராது. மேலும், அங்கீகரிக்கப்பட்ட பயனாளராகக் கைவினைஞர் தனியே பதிவு செய்துகொள்ளவும் வேண்டும்.

வாங்குவோர் கவனத்துக்கு

அசல் மாதுரில் கோரைக் கீற்றுகளின் பருமனும் நிறமும் சற்றே மாறுபடும். எல்லாக் கீற்றுகளும் அச்சடித்தாற்போல் ஒரே சீராக இருந்தால் ஐயத்துக்கு இடமுண்டு. ஈரம் பட்டால் பூஞ்சை பிடிக்கும் என்பதால் நிழலில் உலர்த்த வேண்டும். டோக்ராவில் மெழுகு இழைகளின் தடம் மேற்பரப்பில் தெரியும். மர முக்காலியை வாங்கும் முன் அதில் அமர்ந்து பார்ப்பது நல்லது.

இவற்றுடன், எந்த ஊரில், யாரால், எத்தனை நாளில் செய்யப்பட்டது என்று கேட்பதும் பயனுள்ளது. புதிய வடிவம் கைவினைப் பொருளுக்குச் சந்தையைத் தேடித் தரலாம். ஆனால், மஸ்லந்த் பாய்க்குச் செலவாகும் வாரங்கள் எந்த வடிவமைப்பாலும் குறைவதில்லை. அந்த உழைப்புக்குரிய கூலி விலையில் அடங்கி, நெய்தவரின் கைக்குச் சென்றால் மட்டுமே அடுத்த தலைமுறை தறியில் அமரும்.