தென்னையைக் காப்பாற்ற ஒரு பூச்சியைத் தொலைத்த கதை

அந்துப்பூச்சி என்றாலே ராத்திரியில் விளக்கைச் சுற்றி வரும் பூச்சிதான் ஞாபகத்துக்கு வரும். ஆனால் பட்டப்பகலில், பளபளக்கும் நிறத்தோடு பறக்கும் அந்துப்பூச்சிகளும் உண்டு. ஜைகினிடே என்ற குடும்பத்தில் பெரும்பாலானவை இந்த ரகம்தான். அந்தக் குடும்பத்தைச் சேர்ந்த லெவுவானா என்ற சின்னஞ்சிறு நீலப் பூச்சி, ஃபிஜி தீவுகளையே கலங்கடித்திருக்கிறது!

1877 வாக்கில் விட்டி லெவு என்ற பெரிய தீவில் தென்னைகளை இது தாக்குவது தெரியவந்தது. உண்மையான வில்லன் பூச்சி அல்ல, அதன் புழு. ஓலையின் அடிப்பக்கத்தைச் சுரண்டித் தின்றுவிடும். ஓலை கருகியதுபோல் ஆகும், காய்ப்பு குறையும். தீவில் கொப்பரை வியாபாரம் படுத்துவிட்டது. பிறகு பூச்சி பக்கத்துத் தீவுகளுக்கும் பரவியது. ஃபிஜி மக்களுக்குச் சாப்பாடு, எண்ணெய், கூரை எல்லாமே தென்னைதான். சும்மா இருக்க முடியுமா?

1925ல் காலனி அரசு டாட்ஹில், டெய்லர், பெயின் என்ற மூன்று பூச்சியியல் நிபுணர்களிடம் பொறுப்பை ஒப்படைத்தது. லெவுவானாவை அடக்கும் எதிரி ஃபிஜியில் இல்லை. வேறு எந்த நாட்டிலும் லெவுவானாவே கிடைக்கவில்லை. எனவே மலாயாவில் அதன் உறவுக்காரப் பூச்சியைத் தாக்கும் ஒரு ஈயைத் தேர்ந்தெடுத்தார்கள். இந்த ஈ புழுவின் மேல் முட்டையிடும். அதன் குஞ்சு புழுவை உள்ளிருந்தே தின்று தீர்க்கும். கப்பல் பயணத்தில் பிழைத்து வந்தவை சில நூறு ஈக்களே. அவற்றைப் பெருக்கி வெளியே விட்டார்கள். சில மாதங்களிலேயே தென்னைகள் துளிர்த்தன. சில வருடங்களில் லெவுவானாவைப் பார்ப்பதே அரிதாகிவிட்டது.

ஏன் இவ்வளவு முழுமையான ஒழிப்பு? ஈக்கு வேறு பூச்சிகளின் புழுக்களும் இரையாயின. லெவுவானா குறைந்தபோதும் ஈ பட்டினி கிடக்கவில்லை. மிச்சம் மீதியையும் தேடித் தின்றது.

1996ல் சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் இதை அழிந்துபோன இனமாகப் பட்டியலிட்டது. எங்காவது கொஞ்சம் தப்பியிருக்கலாம் என்று வாதாடும் ஆராய்ச்சியாளர்களும் இருக்கிறார்கள். இன்று இப்படி ஒரு ஒட்டுண்ணியை வேறு நாட்டுக்குக் கொண்டுபோவதற்கு முன், அது வேறு எதையெல்லாம் தாக்கும் என்று சோதித்துப் பார்க்கிறார்கள்.

வரவு செலவு பார்த்தால் ஃபிஜிக்கு லாபம்தான், தென்னை பிழைத்தது. ஆனால் செலவுப் பக்கத்தில் ஒரு முழு இனம் இருக்கிறது. கொப்பரை அடுத்த வருடமும் விளையும். லெவுவானா?